தாஜின்: பெருமை மூடிக்கா, சட்டிக்கா?

மொராக்கோவின் மராகேஷ் நகரில், முற்றம் வைத்த பழைய வீடுகள் பல இன்று உணவகங்களாகிவிட்டன. வட்ட மேசையைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்ததும் முதலில் ரொட்டியும், கத்தரிக்காயைத் தக்காளியுடன் வேகவைத்து மசித்த ஸாலூக்கும் வரும். பிறகுதான் தாஜின்: கூம்பு மூடி போட்ட மண்சட்டி அது, அதில் வேகும் கறிக்குழம்புக்கும் அதே பெயர்தான். பரிமாறுபவர் கூம்பு மூடியைத் தூக்கியதும் குங்குமப்பூவும் இஞ்சியும் மணக்க ஆவி எழும். பழைய முறையில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. ரொட்டியை வலது கையால் பிய்த்து, அவரவர் முன்னால் இருக்கும் பகுதியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் கறியை வீட்டுப் பெரியவர் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். கத்திக்கு வேலையே இல்லை. விரல் பட்டாலே ஆட்டுத் தோள்கறி எலும்பை விட்டுக் கழன்றுவிடும்.

இது எப்படி என்று கேட்டால் எல்லோரும் மூடியைத்தான் காட்டுவார்கள். ஆவி மேலே போய், சூடு குறைந்த கூம்பில் பட்டு நீராகி, சரிவில் வழிந்து மறுபடியும் சட்டிக்குள் இறங்குகிறதாம். பொய்யில்லை. ஆனால் எந்தப் பாத்திரத்தை மூடிவைத்தாலும் இதுதானே நடக்கும்? என்னைக் கேட்டால், அந்த மூடிக்கு அதன் உழைப்பை மீறிய புகழ்.

விஷயம் கறிக்குள் இருக்கிறது. தோள், கால் போன்ற, ஆடு ஓயாமல் அசைக்கும் பகுதிகளில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். மூன்று இழைகள் ஒன்றையொன்று இறுக முறுக்கிக்கொண்ட அமைப்பு அது. கறி ரப்பராக இழுபடுவது இதனால்தான். சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் அந்த முறுக்கு தளரத் தொடங்கும். ஈரமும் சூடும் மணிக்கணக்கில் நீடித்தால் அது கரைந்து ஜெலட்டினாகும். குழம்பு உதட்டில் பிசுபிசுவென ஒட்டுகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். சிக்கல் என்னவென்றால், அதே சூட்டில் தசை இழைகள் சுருங்கித் தம்மிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் கொலாஜன் கரைவதற்குள் கறி சக்கையாகிவிடும். ஆகவே கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. அந்த நடுநிலையில் சில மணி நேரம் நிற்க வேண்டும்.

அங்கேதான் சட்டி வருகிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் வேகம் சுட்ட களிமண்ணைப்போல் நூறு மடங்குக்கும் மேல். தடித்த மண் தளம் அடுப்பின் சூட்டை மெல்லத்தான் உள்ளே விடும். மஜ்மர் எனப்படும் கரி அடுப்பில் கனல் ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தடுமாற்றம் கறிவரை போய்ச் சேர்வதில்லை. வெப்பம் பக்கவாட்டிலும் எளிதில் பரவாததால் நடுப்பகுதி சூடாகவும் விளிம்பு மிதமாகவும் இருக்கும். சமைப்பவர்கள் இதை அறிந்தே அடுக்குகிறார்கள். அடியில் வெங்காயம், அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நீர் என்பதால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாலே போதும், கறியும் அடிப்பிடிக்காது. நடுவில் எலும்புடன் கறி. அதைச் சுற்றிக் கேரட், உருளைக்கிழங்கு, சுரைக்காய் ஆகியவற்றை நீளவாக்கில் வெட்டிக் கறியின்மேல் சாய்த்து நிறுத்துவார்கள். கரண்டியே போடுவதில்லை. கறி குழம்பில் வேகும். காய்கள் பெரும்பாலும் ஆவியில் வேகும்.

இப்படிக் குவித்த அடுக்கு நசுங்காமல் இருக்க உயரமான மூடி வேண்டாமா? கூம்பின் உருப்படியான வேலை இதுதான் என்பேன். அதன் உச்சி அடுப்பிலிருந்து தள்ளியிருப்பதால் பிடித்துத் தூக்கவும் வசதி. இன்னொன்றும் உண்டு: அந்த மூடி இறுக்கமாக உட்காருவதில்லை. பல மூடிகளில் சிறு துளையும் இருக்கும். ஆவியில் ஒரு பங்கு வெளியேறிக்கொண்டே இருப்பதால் குழம்பு தானாக வற்றிக் கெட்டியாகிறது. நீரைக் காப்பதாகப் பெயர் வாங்கிய மூடி, உண்மையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் விடுகிறது!

நம்பிக்கை வராதவர்கள் அதே மராகேஷின் தன்ஜியாவைப் பார்க்கலாம். அது குடுவை போன்ற மண்பாத்திரம், கூம்பு கிடையாது. கறி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறிய எலுமிச்சை ஆகியவற்றைப் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, ஹம்மாம் என்னும் பொதுக் குளியலகத்தின் உலைக்குக் கொடுத்தனுப்புவார்கள். சுடுசாம்பலில் மணிக்கணக்கில் புதைந்து கிடந்து வரும் கறியும் அதே மாதிரி உதிர்கிறது. மூடி மாறினாலும் மண்ணும் மெல்லிய சூடும் நேரமும் மாறவில்லை.

அவசரக்காரர்களுக்கு மொராக்கோ வீடுகளிலும் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதில் சுமார் 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் கொலாஜன் விரைவிலேயே கரைந்துவிடும். ஆனால் ஆவி அடைபட்டுக் கிடப்பதால் குழம்பு நீர்த்தே இருக்கும்; திறந்துவைத்துத் தனியாக வற்றவிட வேண்டும்.

சந்தையில் தாஜின் வாங்குபவர்கள் பளபளப்பான வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். சில மெருகுப் பூச்சுகளில் காரீயம் இருக்கும். எலுமிச்சையின் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அவற்றை அழகுக்கு வைத்துக்கொண்டு, சமைக்க மெருகிடாத மண்ணையே எடுப்பது நல்லது. புது மண்சட்டியை நம் வீடுகளில் பழக்குவதுபோல் இதையும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் பழக்குகிறார்கள். கேஸ் அடுப்பில் வைப்பதானால் அடியில் ஓர் இரும்புத் தகடு தேவை. இல்லாவிட்டால் தீ படும் இடம் மட்டும் விரிந்து, மற்ற இடம் விரியாமல் நிற்க, சட்டி விரிசல் விடும். சமையலின் நடுவில் குழம்பு வற்றிவிட்டால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.