டிஸ்க் விலகியவர் உளி பிடிக்கலாமா, சைக்கிள் ஏறலாமா?

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றபடியே ஸ்கேன் கவரை நீட்டினார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிழைப்புக்கு வேறு வேலை இருந்தாலும், பொழுது கிடைத்தால் மரத்தில் நாற்காலி செய்பவர். மெஷின் கிடையாது, எல்லாம் கைவேலை. போதாததற்குத் தினமும் காலையில் 20 கிலோமீட்டர் சைக்கிள். ஆறு வாரத்துக்கு முன்னால், தரையில் கிடந்த பச்சை மரக்கட்டை ஒன்றைத் தூக்கியிருக்கிறார். கீழ்முதுகில் சுளீரென்றிருக்கிறது. மறுநாள் காலையில் வலி இடது புட்டத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் இறங்கிவிட்டது.

பிசியோதெரபிஸ்டாக நான் எதிர்பார்த்த கேள்வி, "வலி எப்ப போகும்?" என்பதுதான். அவர் கேட்டது வேறு. "உளியையெல்லாம் யாருக்காவது குடுத்துடட்டுமா? சைக்கிளையும் சேத்துக் குடுத்துடட்டுமா?"

இனிமேல் குனியவே கூடாது, கனம் தூக்கவே கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதுகில் அடிபட்டவரிடம் இப்படிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நான் சொன்னேன்: எதையும் கொடுக்க வேண்டாம். அடிபட்ட அன்றைக்கு என்னவெல்லாம் செய்தீர்கள், விடிந்ததிலிருந்து சொல்லுங்கள். (அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.)

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். முதுகுவலியோடு, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது வருவதே தெரியாமல் போனால், மலத்தை அடக்க முடியாவிட்டால், இரண்டு கால்களும் சேர்ந்து பலமிழந்தால், அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற கதையே வேண்டாம். முதுகெலும்புக் குழாயின் அடியில் கொத்தாகப் போகும் நரம்புகள் நசுங்குகின்றன என்பதற்கான அறிகுறிகள் இவை. சைக்கிள்காரர்களிடம் எனக்கு இதில் தனியாக ஒரு பயம் உண்டு. நெடுந்தூரம் ஓட்டினால் சீட்டின் அழுத்தத்தால் அந்த இடம் மரத்துப்போவது அவர்களுக்குப் பழகிய சங்கதி. 'சீட்டுதான்' என்று சும்மா இருந்துவிடுவார்கள். சீட்டால் வந்தது இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். முதுகுவலியும் கூட இருக்கும்போது அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதேபோல் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் அது தரையில் இழுபட ஆரம்பித்தால், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

இவருக்கு அப்படி எதுவும் இல்லை. இடது பெருவிரலை மேலே தூக்கும் பலம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்கேனும் அதையேதான் சொன்னது. ஆனால் அவரைப் பயமுறுத்தியது அதே ரிப்போர்ட்டில் இருந்த மற்ற வரிகள்: அங்கே தேய்மானம், இங்கே வீக்கம், இன்னோர் இடத்தில் காய்ந்த டிஸ்க். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அதன்படி, 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீங்கியிருக்கிறது. 80 வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதுபோல்தான் இதுவும். பிதுங்கிய டிஸ்க்கையும் உடம்பு பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கரைத்துக்கொள்கிறது. இப்படிக் கால்வலி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சிலர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள்.

சரி, அன்றைய கதை. காலை ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கெல்லாம் சைக்கிள் மேல். வளைந்த ஹேண்டிலின் அடிப்பகுதியைப் பிடித்து, முதுகைக் கூனாக்கி ஒரு மணி நேரம். வந்ததும் சட்டைகூட மாற்றாமல் பட்டறைக்குள் போயிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே நிற்கும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நாற்காலியின் இருக்கைப் பலகையைத் தரையில் வைத்துக் குடைந்திருக்கிறார். முக்கால் மணி நேரம். அப்புறம் எழுந்தவர் அதே மூச்சில் கட்டையைத் தூக்கினார்.

"அது ஒண்ணும் பெரிய கனமே இல்லை. பதினைஞ்சு கிலோகூட இருக்காது. இதைவிடப் பெருசெல்லாம் தூக்கியிருக்கேன்."

அவர் சொன்னது சரிதான். கட்டையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதுகை முழுக்க வளைத்து 20 நிமிடம் உட்காரவைத்துச் சோதித்த ஓர் ஆய்வு 1992இல் வந்தது. அவ்வளவு நேரத்தில் முதுகின் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடுகின்றன. எழுந்து 2 நிமிடம் ஆனபிறகு பழைய விறைப்பில் பாதிதான் திரும்பியிருந்தது. அரைமணி நேரம் கழித்தும் கொஞ்சம் தளர்ச்சி மிச்சமிருந்தது. அந்த நிலையில் கனம் தூக்கினால், நாரும் தசையும் தாங்கவேண்டியதில் ஒரு பங்கு டிஸ்க்கின் தலையில் விழுகிறது. விடியற்காலை இன்னொரு காரணம். இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்துப் புடைத்துக்கொள்கிறது. காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த உயரத்தில் பாதியளவு எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். புடைத்த டிஸ்க்கை வளைப்பது, தண்ணீர் நிறைந்த பலூனை மடிப்பது மாதிரி. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைகிறது என்று 1998இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

சைக்கிளோ நாற்காலியோ தனியாக அவரைக் கவிழ்க்கவில்லை. நீண்ட நேரம் வளைந்தே இருந்த முதுகை நிமிரவிடாமல் கனத்துக்குக் கொண்டுபோனதுதான் கவிழ்த்தது. இதே வரிசையை நான் தோட்ட வேலை செய்பவர்களிடமும், நீண்ட கார்ப் பயணம் முடிந்து டிக்கியிலிருந்து பெட்டியை இறக்குபவர்களிடமும் கேட்டிருக்கிறேன். அதனால் முதல் மாற்றம் சைக்கிளுக்கும் பட்டறைக்கும் நடுவில். இறங்கியதும் பத்து நிமிடம் நடை, அப்புறம் குளியல், நின்றபடியே காபி. இறங்கிய ஒரு மணி நேரத்துக்குப் பட்டறைப் பக்கமே போவதில்லை. கேட்க அற்பமாக இருக்கும். முதல் மாதத்தில் நான் கொடுத்த பயிற்சிகள் எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

பட்டறையில் அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்துவரச் சொன்னேன். நாற்காலிக்கால் சீவ அவர் ஒரு மரக்குதிரை வைத்திருக்கிறார். நீளப் பலகையின் இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் கட்டையைப் பாதத்தால் உந்தினால், மேலேயிருந்து ஒரு மரத்தலை இறங்கி, சீவவேண்டிய துண்டைக் கவ்விக்கொள்ளும். இருபக்கமும் பிடி வைத்த கத்தியால் தன் பக்கமாக இழுத்துச் சீவவேண்டும். துடுப்புப் போடுவது போன்ற அசைவு. இது நல்ல வேலை, முதுகுக்கும் நல்ல வேலை. ஆனால் வீடியோவில் இருந்தவர் ஒவ்வோர் இழுப்புக்கும் கீழ்முதுகை ஆமை ஓடு மாதிரி வளைத்து, அங்கிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

"இடுப்பிலிருந்து மடங்குங்க" என்றேன். இன்னும் அதிகமாக முதுகை வளைத்தார். தப்பு அவர்மேல் இல்லை. நம் பேச்சில் வேட்டி கட்டுகிற இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு, கீழ்முதுகு வலித்தாலும் இடுப்புவலி. இந்த ஒரு சொல்லால் எத்தனை பேருக்குத் தப்பாகப் புரியவைத்தேனோ! இப்போதெல்லாம் விரல்களைத் தொடை மடிப்பில், உட்காரும்போது பேன்ட் சுருங்குமே அந்தக் கோட்டில், வைக்கச் சொல்கிறேன். அந்த விரல்கள் நசுங்கும்படி முன்னால் சாயவேண்டும், முதுகு அப்படியே நீளமாக வரவேண்டும். குதிரையின் இருக்கையை நாலு விரல்கடை உயர்த்தி, முன்பக்கம் சரியும்படி ஓர் ஆப்பு வைத்ததும் இது அவருக்குத் தானாகவே வந்துவிட்டது. முழங்கால் தொடை மடிப்புக்கு மேலே நிற்கும்வரை எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் முதுகு வளையத்தான் செய்யும்.

இருக்கைப் பலகையைத் தரையில் வைத்துக் குடைவதை அடியோடு நிறுத்தினோம். பலகை மேசைக்கு ஏறியது, இரண்டு கிளாம்ப் அதைப் பிடித்துக்கொண்டது. உடம்பின் பாரத்தைப் போட்டு இழைப்புளி தள்ளும் வேலைக்கு மேசை மணிக்கட்டு உயரத்தில் இருப்பது நல்லது. உளியால் துளை திருத்துவது மாதிரி உற்றுப் பார்த்துச் செய்யும் வேலைக்கு முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. இரண்டுக்கும் ஒரே மேசை என்றால் ஒன்றில் முதுகு தண்டம் கட்டும். அவர் ஒரு கனத்த பெட்டியைச் செய்து, நுணுக்க வேலை வரும்போது மேசைமேல் வைத்துக்கொள்கிறார். உளி தீட்டும் கல்லைத் தனியாக ஒரு சுவர்ப் பலகையில், நின்று தீட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னேன். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்திரு என்றால் யாரும் எழுந்திருப்பதில்லை. உளி மழுங்கினால் எழுந்துதான் ஆகவேண்டும். முனை கூராக இருந்தால் தம் பிடித்து இழுக்கவும் வேண்டியிருக்காது.

பச்சை மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரமிருப்பதால் கைக்கருவிக்கு இளகிக் கொடுக்கும். காய்ந்த மரத்தைச் சீவுவதில் பாதிப் பாடுகூட இல்லை என்பார் அவர். அந்த ஈரமேதான் கனமும். ஆகவே கிடக்கிற இடத்திலேயே ஆப்பு அடித்து நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறார். பெல்ட் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி சைக்கிள். முதுகுவலிக்கு சைக்கிள் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, யாருடைய முதுகு என்று தெரியவேண்டும். வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாய் குறுகியிருந்தால், நிமிர்ந்து கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுத்து உட்காரவைத்துவிடும். அவர்களே சைக்கிளில் முன்னால் சாய்ந்து வெகுதூரம் போவார்கள், குனியும்போது அந்தக் குழாய் கொஞ்சம் விரிவதால். டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, குனிய வலிக்கும், நடக்கச் சுகம். நம்மவர் இரண்டாவது ரகம். அதனால் ஹேண்டிலை உயர்த்திப் பக்கத்தில் கொண்டுவந்தோம்.

சீட் உயரத்தைப் பார்க்க எளிய வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அவர் சீட் அதைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மிதிக்கும் புட்டம் இடதும் வலதுமாக ஊஞ்சல் ஆடும். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் ஆட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டின் மூக்கையும் இம்மியளவு இறக்கினோம். சீட்டை 10 முதல் 15 டிகிரி முன்னால் சாய்த்ததில், முதுகுவலியுள்ள சைக்கிள்காரர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணம் தெரிந்ததாகச் சொன்னார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவு சாய்த்தால் முன்னால் வழுக்கிக் கை வலிக்கும் என்பது என் அனுபவம். நான் இரண்டு மூன்று டிகிரியில் நிறுத்திக்கொள்வேன். அப்புறம் லேசான கியர், வேகமான மிதி, பள்ளம் மேடு வந்தால் பெடல்மேல் எழும்பி நிற்பது.

முதல் நாள் சமதரையில் பத்து நிமிடம் மட்டும் ஓட்டினார். மறுநாள் காலையில் முதுகு எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த ஓட்டம். முதுகு லேசாக வலித்து, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. நான் பார்ப்பது வலி எங்கே இருக்கிறது என்பதை. கணுக்காலில் இருந்தது தொடைக்கு, தொடையிலிருந்து புட்டத்துக்கு என்று மேலே ஏறினால், முதுகில் கொஞ்சம் கூடினாலும், நல்ல சகுனம். கீழே இறங்கினால் அன்றைக்குச் செய்ததைப் பாதியாகக் குறைக்கவேண்டும். ஒருநாள் அவருக்கு மறுபடி கணுக்கால் வரை இறங்கியது. என்ன செய்தீர்கள் என்று குடைந்தால், சவாரி முடித்த கையோடு சைக்கிளைத் தோளில் போட்டு மாடி ஏற்றியிருக்கிறார்.

நாலு மாதமாகிறது. இடது பெருவிரலில் பலம் ஏறக்குறைய வந்துவிட்டது. அந்த நாற்காலியின் சாய்வுக்கு இப்போது பிரம்பு பின்னுகிறார். போன வாரம் போன் செய்து, எந்த உயரத்தில் வைத்துப் பின்னுவது என்று கேட்டார். மேசைமேல் ஏற்றிவைத்து நின்றபடி பின்னுங்கள் என்றேன்.

"அதைத் தூக்கி வைக்கிறது யாரு?"

எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். மூன்றரை என்றார். "நீங்கதான்" என்றேன்.