இறங்கினால்தான் கால் வலிக்கும்

சித்ரா பௌர்ணமிக்குக் மலைமேல் இருக்கும் கண்ணகி கோயில் போய்வந்த, தேனி மாவட்டக் கூடலூர்த் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அடிவாரப் பளியன்குடியிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது பேசிச் சிரித்துக்கொண்டே வந்தோம். மூன்றாம் நாள் கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. லாக்டிக் அமிலமா அண்ணே?"

இல்லை தம்பி. தசை கடுமையாக உழைக்கும்போது சேரும் அந்த அமிலம் மலையடிவாரத்தில் டீ குடித்து ஊர் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் போயிருக்கும். மூன்றாம் நாள் வரை காத்திருந்து கடிக்காது.

தசைக்குள் இருக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் பள்ளியில் படித்ததுதான். மயோசினின் குட்டித் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும், விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும், தசை சுருங்கும். ஒவ்வொரு தடவை பிடியை விடவும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவு. ஏறும்போது நடப்பது இது. கிணற்றில் கைமாற்றிக் கைமாற்றி வாளியை மேலே இழுப்பது போல.

இறங்கும்போது? ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடங்குகிறது, முன்தொடைத் தசை நீள்கிறது. ஆனால் அது சும்மா நீளவில்லை. உடம்பு பொத்தென்று விழாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பாருங்கள். மூச்சு வாங்காது, உள்ளங்கைத் தோல்தான் எரியும். தசைக்குள்ளும் அதே கதை. மயோசினின் பிடியை ஏடிபி வந்து விடுவிப்பதற்குள், உடம்பின் எடையே பிய்த்துவிடுகிறது. எரிபொருள் மிச்சம். போதாததற்கு டைட்டின் என்ற ராட்சதப் புரதம் ஸ்பிரிங் மாதிரி விறைத்துத் துணைக்கு வருகிறது.

இந்த மிச்சத்தை அளந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அபாட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினில் கோத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும். மற்றவர் அதை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. வேகம் கூடக் கூட வித்தியாசமும் கூடியது. 1952இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, ஒல்லியான ஒரு பெண் தடுத்தே வாட்டசாட்டமான ஆணைக் களைக்க வைத்துவிட்டார். கூட்டம் ரசித்துப் பார்த்ததாம்.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? மலிவான வேலை என்பதால் உடம்பு தசையில் கொஞ்சம் நார்களைத்தான் கூப்பிடுகிறது. மொத்தப் பாரமும் அந்தச் சிலவற்றின் தலையில். அவற்றுக்குள் சார்கோமியர் என்னும் நுண்ணிய கண்ணிகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு குலைகின்றன. அப்புறம் வீக்கமும் பழுதுபார்ப்பும். அதற்கு நாள் பிடிக்கும், வலியும் அதனால்தான் தாமதமாக வருகிறது.

எங்கள் கம்பம் பக்கம் இதற்குச் சுளுக்கு மந்திரிப்பார்கள், மூன்று நாள். எப்படியும் அந்த வலி நாலைந்து நாளில் போய்விடும். தட்சிணை மட்டும் திரும்பி வராது.

என் அத்தை ஜீப்பில் மலையேறி வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுப்பவர். அதே கோயிலுக்கு வந்தார், வலியே இல்லை. ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு பழுதாகாது. அத்தைக்கோ ஏலத்தோட்டத்தில் தினமும் சரிவில் இறங்கும் வேலை. ஓட்டக்காரர்களின் தொடையை அளக்கச் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தை, மூட்டையோடு சரிவில் இறங்கும் அத்தை போன்றவர்களுக்கும் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

தம்பி, அடுத்த வருஷம் பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்பே ஏதாவது ஒரு கரட்டில் ஏறி, மெதுவாக இறங்குங்கள். அதற்கடுத்த நாட்களில் கொஞ்சம் வலிக்கும், பௌர்ணமி முடிந்து அவ்வளவு வலிக்காது.