வெயிலில் எடுத்த இரவு

சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளில்லாத தெருவில் நடந்து போகிறான் ஓர்லோக் பிரபு. முர்னாவ் இயக்கி 1922இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் ‘நோஸ்ஃபெராட்டு’வில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. முதல் தடவை கருப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தபோது குழம்பிப்போனேன். தெரு முழுக்கப் பகல் வெளிச்சம். சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் எப்படி நடமாட முடியும்?

கதைப்படி அது இரவு. ஆனால் அன்றைய ஃபிலிமுக்கு ஒளியை உணரும் திறன் குறைவு. சிவப்பு நிறம் அதில் பதியவே பதியாது. விளக்கொளியிலோ சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். நிஜ இருட்டில் தெருவை எடுத்திருந்தால் ஒன்றுமே தேறியிருக்காது. அதனால் வெயிலில் எடுத்தார்கள். அதை இரவாக்கியது சாயத்தொட்டி.

ஃபிலிமின் ஒரு பக்கம் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதற்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள்தான் உருவத்தைத் தாங்குகின்றன. கழுவி முடித்த பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்த்தால் ஜெலட்டின் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி அடர்ந்த இடம் ஒளியை மறைத்துக் கருப்பாகவே நிற்கும். வெளுத்த இடம் மட்டும் நீலமாகத் தெரியும். வெயில் விழுந்த சுவர் இப்போது நிலா விழுந்த சுவர்! வீட்டுக்குள் விளக்கொளி என்றால் மஞ்சள், விடியல் என்றால் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கான துண்டையும் தனித்தனியாகத் தோய்த்து, அப்புறம் கதை வரிசைப்படி ஒட்டவேண்டும்.

பின்னாளில் கருப்பு வெள்ளை ஃபிலிமில் நகலெடுத்தபோது இந்தச் சாயமெல்லாம் போய்விட்டது. பாரிஸில் பத்திரமாக இருந்த, சாயமேற்றிய பழைய பிரிண்ட் ஒன்றை வைத்துத்தான் நிறங்களை மீட்டார்கள். படத்துக்கு அந்த நிறங்கள்தான் கடிகாரம்.

மூலக்கதை பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவல். அனுமதி வாங்காமல் எடுத்ததால் வழக்காகி, பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பும் வந்தது. நாவலில் டிராகுலா பகலிலேயே லண்டன் வீதியில் நிற்கிறான், சாவது கத்தியால். வெயிலால் சாகடித்தது இந்தப் படத்தின் சொந்தக் கற்பனை. ஆகவே எது இரவு, எது விடியல் என்பது இங்கே உயிர்போகிற விஷயம்.

கடைசியில் கதாநாயகி எல்லனின் அறை. சேவல் கூவுகிறது. ஜன்னலருகே வரும் ஓர்லோக் ஒளியில் மாட்டிக்கொள்கிறான். அவன் உடம்பின் வழியே பின்னாலிருக்கும் அறை தெரியத் தொடங்குகிறது. கேமராவை அசைக்காமல் வைத்து, ஆள் நிற்கும் காட்சியை மங்கவிட்டபடியே வெற்று அறையையும் அதே ஃபிலிமில் பதித்தால் இப்படி வரும். மிஞ்சுவது தரையிலிருந்து எழும் கொஞ்சம் புகை.