ஜனநாயகம்: விரித்துப் பார்த்தால் இரண்டு பொருள்

ஜனநாயகம் வடமொழிச் சொல். ஜன என்றால் மக்கள்; நாயகம், தலைமை. இலங்கைத் தமிழர் சனநாயகம் என்று எழுதுவார்கள். தமிழில் மக்களாட்சி, குடியாட்சி என்பாரும் உண்டு. குடியரசு வேறு: அங்கே நாட்டின் தலைமை பரம்பரையாக வருவதில்லை, அவ்வளவுதான். மன்னர் இருக்கும் பிரிட்டன் குடியரசு ஆகாது, ஆனால் மக்களாட்சி. வடகொரியாவின் பெயரிலோ ஜனநாயகம், மக்கள், குடியரசு மூன்றுமே உண்டு. தேர்தலில் எதிர்த்து நிற்கத்தான் ஆள் கிடையாது.

கிரேக்க மூலத்தில் டெமோஸ் மக்கள், கிராட்டோஸ் வலிமை. நாயகன் என்று யாரும் இல்லை. பண்டைய ஏதென்ஸில் 500 பேர் கொண்ட மன்றத்துக்கு உறுப்பினர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். தேர்தல் வைத்தால் செல்வாக்குள்ளவனே வருவான் என்ற நினைப்பு. படைத்தலைவர்களையோ கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். போரில் குலுக்கலை நம்ப முடியாதல்லவா? பெண்களும் அடிமைகளும் அந்த 'டெமோஸ்' கணக்கில் வரவில்லை.

மக்களாட்சி தொகைச்சொல். 'மக்களது ஆட்சி' என்றும் விரிக்கலாம், 'மக்களை ஆளும் ஆட்சி' என்றும் விரிக்கலாம். ஆறாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான், 'இது எல்லாச் சமூகத்துக்கும் ஒத்துவருமா' என்ற பழைய வாதம் நடக்கிறது. படிப்பும் பணமும் முதலில் வேண்டும் என்பார்கள். கல்வியிலும் தொழிலிலும் முன்னணியில் இருந்த ஜெர்மனி 1919இல் மக்களாட்சி அரசியலமைப்பை ஏற்றது. 1933இல் ஹிட்லரிடம் அதை இழந்தது.

தென் ஆப்பிரிக்காவை ஒட்டியுள்ள போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. ஆனால் அங்கே கோட்லா என்னும் ஊர்க்கூட்டம் முன்பே இருந்தது. கூடியவர்கள் பேசி முடித்த பிறகுதான் தலைவர் தம் முடிவைச் சொல்வார். பெண்களுக்கு அங்கும் நெடுங்காலம் இடமில்லை. ஏதென்ஸைப் போலவே குறையுள்ள மன்றம்தான். ஆயினும் 'மக்களால்தான் தலைவன் தலைவன்' என்பது அவர்கள் பழமொழி. விடுதலை முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்றது. முடிவு உறுதியானதும் அதிபர் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றே புதியவர் பதவியேற்றார்.