பேடன்ட்: காப்புரிமையா, பதிப்புரிமையா?

பாளையங்கோட்டைப் பொறியியல் மாணவர் ஒருவரின் அறிக்கையை அண்மையில் திருத்தினேன். செயற்கைக்கோளைப் பின்தொடரும் ஆன்டெனாக்கள் தொடர்பான பேடன்ட் வழக்குகளை ஆராயும் அந்த அறிக்கையில், பேடன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை), காப்பிரைட் (படைப்பைப் படியெடுக்கும் உரிமை) இரண்டுக்கும் ‘காப்புரிமை’ என்றே எழுதப்பட்டிருந்தது. நாளிதழ்களிலும் காணப்படும் இக்குழப்பம் வழக்கின் பொருளையே மாற்றிவிடுகிறது.

இலத்தீனில் ‘பாடேரே’ என்பதற்குத் திறந்திருத்தல் என்று பொருள். மடித்து அரக்கிட்டு மூடாமல், முத்திரையைத் தொங்கவிட்டு, எவரும் படிக்கும்படி அரசர் விடுத்த சலுகை ஆணையே ‘பேடன்ட்’ மடல். நம் செப்புப் பட்டயம் அதற்கு மிக நெருங்கிய உறவு. புதிதாய்க் கண்டுபிடித்தவருக்கு அத்தகைய உரிமையை வெனிஸ் 1474இல் சட்டமாக்கியது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதற்கு ஈடாக, துறை அறிந்தவர் செய்து பார்க்கும் அளவுக்குக் கண்டுபிடிப்பை விண்ணப்பத்தில் முழுமையாக விவரித்தாக வேண்டும். திறந்திருத்தல் என்ற பழம்பொருள் இன்னும் அழியவில்லை.

வழக்கு நடப்பதோ, எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்பதை வரையறுத்து விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் ‘உரிமைக்கோரல்’ வாசகங்களின் மீது. பணகுடியில் ஆடிக்காற்று டிஷ்ஷைத் திருப்பிவிட்டால், ஒருவர் மாடியேறி அதைச் சிறிது சிறிதாக அசைக்க, கீழே நிற்பவர் படம் தெளிந்ததும் குரல் கொடுப்பார். பின்தொடரும் ஆன்டெனாக்களில் ஒரு வகை இதைத் தானே செய்கிறது: சற்றே நகர்ந்து, அலையின் வலிமையை ஒப்பிட்டு, கூடும் பக்கம் திரும்புகிறது. மற்றொரு வகை, பல வாங்கிகளில் ஒரே நேரத்தில் வரும் அலைகளின் வேறுபாட்டைக் கொண்டே திசையறிகிறது. கோரலில் ‘ஒரே நேரத்தில்’ என்றிருந்தால், அடுத்தடுத்து அசைந்து ஒப்பிடும் கருவி அதை மீறியதா என்பதே வாதமாகும்.

ஆன்டெனாவை இயக்கும் கணினி நிரலை அப்படியே படியெடுத்தால் மீறப்படுவது பதிப்புரிமை. நிரலைப் பாராமலே அதே செயல்முறையைத் தாமாக உருவாக்கினாலும் மீறப்படக்கூடியது பேடன்ட். பொருளால் ‘பட்டயம்’ மிகப் பொருந்தும் என்றாலும், அதை டிப்ளமோ எடுத்துக்கொண்டது. ஆகவே பேடன்ட்டுக்குக் காப்புரிமை, காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்று பிரித்தே எழுத வேண்டும். மாணவரின் அறிக்கைத் தலைப்பை ‘ஆன்டெனாக் காப்புரிமை வழக்குகள்’ என்றே விட்டேன். முதற்பக்க அடியில் அவர் பெயருக்கு முன் இருந்த ‘காப்புரிமை’யைப் ‘பதிப்புரிமை’ என்று மாற்றினேன்.