மூன்று வாக்குச்சீட்டுகளை ஆயா எப்படிப் புரிந்துகொண்டார்?

2024 மே மாதம். தென்னாப்பிரிக்கத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அலமாரி மேல் இருந்த ரேடியோவில் லோட்டஸ் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலச் செய்தி முடிந்ததும் ஆயா சத்தத்தைக் குறைத்தார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"இந்தத் தடவை மூணு சீட்டு குடுப்பாங்களாம். முதல் சீட்டு நாடு முழுசுக்கும், அதுல கட்சி மட்டும்தான். ரெண்டாவதும் பார்லிமென்ட்டுக்குத்தான், ஆனா நம்ம மாகாணத்துக்கு உள்ள இடங்களுக்கு. அதுல தனியா நிக்கிறவங்க பேரும் இருக்கும். மூணாவது நம்ம சட்டசபைக்கு."

ஒரு பிழை இல்லை. நாடாளுமன்றக் கீழவையின் 400 இடங்களில் பாதி முதல் சீட்டில், மறு பாதி ஒன்பது மாகாணங்களுக்கும் பிரிந்து இரண்டாவது சீட்டில். சுயேச்சைகளுக்கு வழிவிடுவதற்காக அந்தத் தேர்தலில்தான் இப்படி மாற்றியிருந்தார்கள். அதே செய்தியை நானும் காரில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இரண்டாவது சீட்டு எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஊடகத்திலிருந்து மக்கள் அரசியலை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் தகவல்தொடர்புத் துறையினருக்கு இந்த வித்தியாசம் பழக்கமானது. ஒரு காலத்தில் எவ்வளவு நேரம் பார்த்தோம், கேட்டோம் என்பதையே பெரிதாக அளந்தார்கள். அந்த அளவே ஆட்டம் காண்கிறது. மக்கள் தாங்கள் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பதாகச் சொல்லும் அளவையும் கருவி பதிவு செய்த அளவையும் மார்கஸ் பிரையர் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 2009ல் வெளியிட்டார். அமெரிக்காவில் எடுத்த அந்தக் கணக்கில், சொன்னது சராசரியாக மூன்று மடங்கு அதிகம்.

சரி, நேரம் இல்லையென்றால் வேறு எது? ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துத் தகவல்தொடர்புப் பேராசிரியர் வில்லியம் எவலாண்ட் 2001ல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருக்குச் சுற்றி நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை முதலில் வருகிறது. அந்தத் தேவை நேராக அறிவாக மாறிவிடுவதில்லை. நடுவில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று கவனம். மற்றது, கேட்டதை ஏற்கெனவே தெரிந்ததோடு முடிச்சுப் போடுவது. மாடு மேய்ந்ததை அப்புறம் உட்கார்ந்து அசைபோடுகிறதே, அதுதான். தனியாகக் கிடக்கும் தகவல் சீக்கிரம் தொலைந்துபோகும். பழைய நினைவுகளோடு நாலு பக்கமும் கட்டப்பட்டதை எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் வெளியே கொண்டுவரலாம்.

ஆயாவிடம் கட்டுவதற்குக் கயிறு நிறைய இருந்தது. 1984ல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று தனி அவை வைத்து நடத்திய தேர்தலை, நம் மக்களில் பெரும்பாலோரைப் போல அவரும் புறக்கணித்தார். அவர் முதன்முதலாக வாக்களித்தது 1994 ஏப்ரல் 27 அன்று. இன்காட்டா கட்சி கடைசி நேரத்தில் போட்டிக்கு வந்ததால், அச்சாகிவிட்ட சீட்டின் அடியில் அதன் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கரின் ஓரம் விரலில் தட்டியதை ஆயா இன்றும் சொல்வார். சீட்டு மாறுகிறது என்ற செய்தி அவர் காதில் விழுந்தபோது, போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தயாராக இருந்தது. 1970ல் மினசோட்டா ஆய்வாளர்கள் மூவர், புதுச் செய்தி பரவும்போது படித்தவர்கள் வேகமாக அள்ளிக்கொள்வதால் இடைவெளி கூடுகிறது என்றார்கள். உண்மைதான். ஆனால் பள்ளிப் படிப்பு மட்டுமே கயிறு இல்லை என்பதை ஆயாவிடம் பார்த்தேன்.

அந்தப் போன் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. பேச்சு ஏன் அரசியல் அறிவைக் கூட்டுகிறது என்று எவலாண்ட் 2004ல் ஆராய்ந்தார். நம்மோடு பேசுபவர் சொல்லும் தகவல் மட்டும் காரணமில்லை. 'இதை நான் நாளைக்குப் பேச வேண்டியிருக்கும்' என்ற எண்ணமும், பேசும்போது நடக்கும் யோசனையும் உதவுகின்றன. ஆயாவுக்கு இதற்கு மேலும் ஒரு வேலை இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். புரியாததை மொழிமாற்ற முடியாது. எந்த வாக்கியத்தில் நாக்கு தடுமாறுகிறதோ, அதுதான் புரியாத இடம்.

அசைபோடாமல் விழுங்குவதன் ஆபத்தை, எங்கள் பக்கம் நடந்த 2021 ஜூலைக் கலவரத்தில் பார்த்தோம். வாட்ஸப்பில் ஒரே குரல் செய்தி நாலு குழுவிலிருந்து எனக்கு வந்தது. நாலாவது தடவை கேட்டபோது உறுதியான செய்தி போலவே இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மையாகத் தோன்றும் என்பதை 1977லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். காதுக்குப் பழகியதை மூளை தெரிந்தது என்று எடுத்துக்கொள்கிறது. யாரிடமாவது விளக்கிச் சொல்ல முயன்றிருந்தால், யார் சொன்னது, எங்கே நடந்தது என்ற கேள்வி அப்போதே வந்திருக்கும். அன்று நான் அதைச் செய்யவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அன்று சமையலறையில் தங்கைப் பாட்டி போனில் கேட்டார்: "அக்கா, தனியா நிக்கிறவரு ஜெயிச்சு, அப்புறம் செத்துப் போயிட்டா? கட்சின்னா அடுத்த ஆளை அனுப்பும். இவருக்கு யாரு வருவா?"

ஆயாவுக்குப் பதில் தெரியவில்லை. "இரு, கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த செய்திக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடி மாவில் கை வைத்தார்.