இயக்குரிமையும் பொது நிரலகமும்: ஒரு சொல் விளக்கம்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்றில் ‘எல்எஸ் -எல்’ என்னும் கட்டளையை இட்டால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னே பத்துக் குறிகள் கொண்ட வரிசை ஒன்று தோன்றும். முதற்குறி கோப்பின் வகையைச் சொல்லும். எஞ்சிய ஒன்பதும் உரிமையாளர், குழுவினர், பிறர் ஆகிய மூவருக்கும் மும்மூன்றாகப் பிரிந்து நிற்கும். அவற்றில் ‘ஆர்’ என்பது படிக்கும் உரிமை, ‘டபிள்யூ’ என்பது எழுதும் உரிமை. இவ்விரண்டையும் தமிழில் சொல்வதில் யாருக்கும் ஐயமில்லை. மூன்றாவதாக வரும் ‘எக்ஸ்’தான், அதாவது ‘எக்ஸிகியூட்’ என்பதன் சுருக்கந்தான், மொழிபெயர்ப்பாளர்தோறும் ஒரு வேடம் காட்டுகிறது. செயல்படுத்து, செயலாக்கு, நிறைவேற்று, இயக்கு என நான்கு சொற்களாவது வழக்கில் உள்ளன.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘இறுதிவரை பின்தொடர்தல்’ என்பது அதன் மூலப் பொருள். ஆணை ஒன்றை முடியும்வரை தொடர்ந்து செய்து முடிப்பது என்னும் பொருளும், பிறகு தீர்ப்பை நிறைவேற்றித் தூக்கிலிடுவது என்னும் பொருளும் அதிலிருந்து வளர்ந்தன. ‘நிறைவேற்று’ என்பது இந்த வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது. இலங்கையில் ‘நிறைவேற்று அதிகாரம்’ என்று அரசியலமைப்புத் தமிழிலேயே அது நிலைபெற்றுவிட்டது. ஆயினும் ‘எக்ஸ்’ குறிக்கு அது பொருந்தாது. அந்தக் குறி எதையும் முடித்துத் தருவதில்லை, தொடங்க இசைவு தருகிறது, அவ்வளவே. தொடங்கிய நிரல் பாதியிலே வீழ்ந்தாலும் உரிமை பயன்பட்டதாகவே கொள்ள வேண்டும். ‘செயல்படுத்து’ என்பது திட்டங்களுக்கும் சட்டங்களுக்கும் பழகிப்போன சொல். எனவே ‘இயங்கு’ என்பதன் பிறவினையாகிய ‘இயக்கு’ என்பதே தகும். அடங்கு என்பது அடக்கு என்றாவதுபோல, தானாக அசையாத ஒன்றை அசையச் செய்வதை அது குறிக்கிறது. வட்டில் கிடக்கும் கோப்பு இயங்குவதில்லை. இயங்குதளத்தின் உள்மையமாகிய கருவகம் (‘கெர்னல்’) அதை நினைவகத்தில் ஏற்றி இயக்குகிறது. ஆகவே ‘இயக்குரிமை’ என்பது என் தெரிவு.

இயக்குரிமை படிக்கும் உரிமையிலிருந்து வேறானது என்பதைச் சில நடைமுறைகள் தெளிவாகக் காட்டுகின்றன. பிறருக்குப் படிக்கும் உரிமை தராமல் இயக்குரிமை மட்டும் தந்து, எண்ணால் 711 என்று குறிக்கப்பட்ட இருமக் கோப்பை (இயந்திரமொழி நிரலை) அவர்கள் இயக்க முடியும், ஏனெனில் அதைப் படிப்பது கருவகம். ஆனால் அதே குறியுள்ள ஷெல் நிரலை, அதாவது கட்டளைகளை வரிவரியாக எழுதிய உரைக் கோப்பை, இயக்க முடியாது, ஏனெனில் அதைப் படிக்க வேண்டியது பயனரின் பெயரால் ஓடும் ஷெல். எல்லாக் கோப்பையும் படிக்கவும் எழுதவும் வல்ல ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருங்கூட, லினக்சில், மூன்று இடங்களுள் ஒன்றிலேனும் ‘எக்ஸ்’ இல்லாத கோப்பை நேரே இயக்க இயலாது. கோப்பகத்தின்மேல் வரும் ‘எக்ஸ்’ முற்றிலும் வேறு பொருளது. கோப்பகத்தை யாரும் இயக்குவதில்லை; அதனூடே நுழைந்து உள்ளிருக்கும் கோப்பை அடைய இசைவு தருவதே அதன் வேலை. அதையும் ‘இயக்க அனுமதி’ என்று எழுதும் கையேடுகளைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. ‘கடப்புரிமை’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

இனி ‘லைப்ரரி’, அதாவது பல நிரல்களும் பயன்படுத்தும் துணைநிரல்களின் தொகுப்பு. 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்சும், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோரும் அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, ஓர் அலமாரியில் சேர்த்து வைத்தனர். நிரல் எழுதுபவர் அங்கே சென்று, வேண்டிய நாடாவை எடுத்து, அதன் துளைகளைத் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். 1951இல் அம்மூவரும் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே ‘துணைநிரல்களின் லைப்ரரி’ என்னும் தொடர் இடம்பெற்றது. அன்று அது உவமையன்று. கண்ணெதிரே நின்ற அலமாரி. இன்று நிலைப்பிணைப்பு எனப்படும் முறை அந்தப் படியெடுப்பின் தொடர்ச்சியே: ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளேயே சுமந்து திரியும்.

மற்ற முறையில் படியெடுப்பு இல்லை. நிரல் ஓடத் தொடங்கும்போது இயங்குநிலைப் பிணைப்பி வந்து, தேவையான ‘.எஸ்ஓ’ என்னும் லைப்ரரிக் கோப்பைத் தேடி, நிரலின் முகவரி வெளியில் பொருத்துகிறது. நூறு நிரல்கள் அதைக் கேட்டாலும் நினைவகத்தில் அதன் கட்டளைப் பகுதி ஒன்றே இருக்கும். இம்முறை யூனிக்சுக்கு முன்னோடியான மல்டிக்ஸ் இயங்குதளத்தின் காலத்திலேயே இருந்தது. யூனிக்ஸ் உலகில் 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 அதைப் பரவலாக்கியது.

ஆங்கிலத்தில் ‘ஷேர்டு லைப்ரரி’ எனப்படும் இதைப் ‘பகிர்வு நூலகம்’ என்பது வழக்கம். ‘பகிர்’ என்பது பகு, பகல், பங்கு ஆகியவற்றோடு உறவுடைய சொல். பிரித்துக் கொடுத்தலே அதன் முதற்பொருள். ஆங்கிலத்தின் ‘ஷேர்’ என்பதும் வெட்டுதலைக் குறித்த வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே எதுவும் பிரிக்கப்படுவதில்லை. ஊர்க்கிணற்றைப் போல ஒன்று அப்படியே அனைவருக்கும் உரியதாக இருக்கிறது. அதற்குத் தமிழில் ‘பொது’ என்ற நல்ல சொல் உண்டு. பொது நூலகம் என்றால் நாளிதழ் படிக்கும் மேசைதான் நினைவுக்கு வரும் என்பதால், நிரல்களின் இருப்பிடம் என்ற பொருளில் ‘பொது நிரலகம்’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இவ்விரு சொற்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு பழைய கேள்வி உண்டு: பொது நிரலகத்துக்கு இயக்குரிமை வேண்டுமா? எச்பி நிறுவனத்தின் யூனிக்சான எச்பி-யுஎக்ஸ் வேண்டும் என்கிறது. இல்லையேல் நிரலே தொடங்காது. லினக்சில் வேண்டியதில்லை, ஏனெனில் பிணைப்பி அக்கோப்பைப் படிப்பதற்காகவே திறந்து, பின்பு நினைவகத்தில் கட்டளைகளாகப் பொருத்துகிறது. லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியனின் கொள்கை ஆவணம் நிரலகங்களுக்கு இயக்குரிமை தரக்கூடாது என்றே சொல்வதால் அங்கே அவை 644, அதாவது யாருக்கும் ‘எக்ஸ்’ இல்லை. மற்றொரு வெளியீடான ஃபெடோராவில் 755, அதாவது மூவருக்கும் ‘எக்ஸ்’ உண்டு, ஏனெனில் பொதி கட்டும் கருவி பிழைநீக்கத் தகவலைப் பிரிக்க அந்தக் குறியைப் பார்த்தே கோப்புகளைத் தெரிந்தெடுக்கிறது. இயக்குரிமை தந்து ஒரு நிரலகத்தை நேரே ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நினைவகப் பிழையோடு விழும். ஆனால் சி மொழியின் அடிப்படை நிரலகமான ‘லிப்சி.எஸ்ஓ.6’ தன் பதிப்பெண்ணையும் காப்புரிமை வரிகளையும் அச்சிட்டுவிட்டு அமைதியாக முடியும், ஓட்டிப் பாருங்கள்.

பிணைப்பியும் அப்படி நேரே ஓடக்கூடியதே. உரிமைகளை மாற்றும் ‘சிமோட்’ நிரலின் இயக்குரிமையைத் தவறுதலாகப் பறித்துவிட்டவர், பிணைப்பியை அழைத்து அதன்பின் ‘சிமோட்’ இருக்கும் பாதையைக் கொடுத்தால் போதும். பிணைப்பிக்கு இயக்குரிமை உண்டு. ‘சிமோட்’ அதற்கு வெறுமே படிக்கும் கோப்பு. இதே வழியில், எதையும் இயக்கக்கூடாது என்னும் ‘நோஎக்ஸெக்’ கட்டுப்பாட்டோடு இணைக்கப்பட்ட வட்டிலிருந்தும் ஒருகாலத்தில் நிரல்களை ஓட்ட முடிந்தது. லினக்ஸ் 2.6 முதல் அப்படிப்பட்ட வட்டிலுள்ள எதையும் கட்டளைகளாகப் பொருத்தக் கருவகம் மறுக்கிறது. ஆகவே ‘நோஎக்ஸெக்’கை இயக்குரிமையின்மை என்று மொழிபெயர்ப்பது பிழை, தனித்தனிக் கோப்பின் குறி எதுவானாலும், நிரலையும் நிரலகத்தையும் ஒருசேரத் தடுக்கும் அதற்கு ‘நிரலேற்றத் தடை’ என்பது பொருந்தும்.